பின்னல் போட்ட பிளக்

ஜனவரி 9

என் அருமை அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். பாப்பாவுக்குச் சளி விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தானின் இருமல் நின்றதா என்று விவரமாக எழுது. "எல்லாம் நல்லபடி" என்று ஒரே வரியில் ஏமாற்றினால் அடுத்த கடிதத்தில் நானும் அப்படியே செய்வேன்.

நான் இங்கே கிளம்பி வரும்போது நீ கட்டிக் கொடுத்தாயே மிக்சி, அது போன மாதம் மூச்சை நிறுத்திவிட்டது. இந்த ஊரில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை அக்கா. பெரிய கடையில் இருந்த பெண் மிக்சியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் என்று கை காட்டினாள். இன்னொரு கடையில் ரிப்பேர் செலவுக்கு இரண்டு புதுசு வாங்கலாம் என்றார்கள். ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டுக் கட் பண்ணினார்கள். இவர் "விட்டுத் தொலையேன்" என்கிறார். நான் விடுவேனா? துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைந்தேன். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டுகளைப் பெருக்குகிற அம்மாதான் வழி சொன்னாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடை. அதன் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி அறை. போர்டு கிடையாது. ஜன்னலில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அதுதான் கடையாம்.

உள்ளே ஐம்பது வயசு மனிதர். மிக்சியை வாங்கியதும் சுவிட்சைப் போடவில்லை. அதன் வயிற்றில் காதை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையால் சுற்றிப் பார்த்தார். டாக்டர்கூட என்னை இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. பிறகு ஸ்க்ரூக்களைக் கழற்றக் கழற்ற ஒரு பழைய பேப்பரில் கழற்றிய வரிசைப்படி அரைவட்டமாக டேப் போட்டு ஒட்டினார். ஒட்டும்போது வாய்க்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்கிறார்! "அண்ணே, நீங்க தமிழா?" என்று கத்தியே விட்டேன். நாலாவது ஸ்க்ரூ கீழே விழுந்துவிட்டது.

மோட்டாரை அரை மணியில் ஓட வைத்துவிட்டார். "இந்த கன்வெர்ட்டர் எல்லாம் வேணாம்மா, இந்த ஊர் பிளக்கே போட்டுத் தரேன்" என்று பழைய பிளக்கைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதை மாட்டினது யாரு?" என்றார். "எங்க அக்கா" என்றேன் பெருமையாக. "அவங்க இப்பவும் இப்படித்தான் மாட்டுறாங்களா?" ஆமாம் என்றேன். பிளக்கை அறுத்து எடுத்தார். திருப்பிக் கேட்டேன், தரவில்லை. கூலியும் வாங்கவில்லை. "வயரை இப்படிப் பின்ன வேணாம்னு அக்காவுக்கு எழுதுங்கம்மா. மறக்காம எழுதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். எழுதிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் வாலு

ஜனவரி 27

வாலுக்கு அக்கா எழுதுவது,

முழங்கால் கிடக்கட்டும். அத்தானின் இருமல் கிடக்கட்டும். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. நான் பில் போடுகிற மருந்துக்கடை விலாசத்துக்கு எழுது. போனிலும் இதைப் பற்றி மூச்சு விடாதே. போன் கூடத்தில் இருக்கிறது, அவரும் கூடத்தில்தான் இருக்கிறார்.

அந்த ஆளின் வலது காது மடலில் மேலே ஒரு சின்ன வெட்டு இருக்கும். போய்ப் பார். நான் பார்க்காமலே சொல்கிறேன், அது காதுக்காரன். மோட்டாரில் காதை வைத்தே நோய் சொல்வான் என்று நாங்கள் வைத்த பேர்.

நீ அப்போது ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், அவனைப் பார்த்ததே இல்லை. கடையை மூடிவிட்டோம் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். இப்போது கேள். ரிப்பேர் கடை உன் அத்தானும் அவனும் கூட்டாக வைத்தது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் நான் போய் பெஞ்சில் உட்கார்ந்து சின்னச் சின்ன வேலை பார்ப்பேன். தையல்காரரின் இஸ்திரிப் பெட்டி வந்தது. அதற்குப் புது வயர் போட்டவன் காதுக்காரன். ரிப்பேர் சீட்டில் அவன் கையெழுத்தே இருக்கிறது. பெட்டி திரும்பிப் போன மூன்றாம் நாள் தையல்காரருக்கு ஷாக் அடித்து, வலது கை விரல் மூன்று செத்தே போயின. விசாரணைக்கு வந்தார்கள். இந்த உத்தமன் என்ன சொன்னான் தெரியுமா? "வயர் மாத்தினது நான். மூடினது அவன்." உன் அத்தான், அந்த மகானுபாவர், "ஆமா, நான்தான் மூடினேன்" என்று தலையாட்டினார். நண்பனைக் காப்பாற்றுகிறாராம்! கடைக்குப் பூட்டு. கேஸ், வாய்தா, அபராதம். அவன் இரண்டே மாதத்தில் கப்பல் ஏறிவிட்டான். நடுத்தெருவில் நின்று அவன் முகத்துக்கு நேராகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். குற்றமுள்ளவன் வேறு எப்படிப் போவான்?

உன் அத்தான் இப்போது ஒரு பள்ளிக்கூட கேட்டைத் திறந்து மூடுகிறார். ஒன்பது வருஷமாக ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. வீட்டு ஃபேன் நின்றால் நான் தெருமுனையிலிருந்து ஆளைக் கூட்டி வருகிறேன், இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாலும் பிடுங்கி வைத்துவிடுகிறார். அவர் வேலைக்குப் போன பிறகு அவருக்குத் தெரியாமல்தான் செய்கிறேன். இந்தக் காலனியில் பாதி வீட்டுக்குப் பிளக் மாட்டியது யார் என்று நினைக்கிறாய்? உன் மிக்சிக்கும் அப்படித்தான் மாட்டினேன்.

இந்த லட்சணத்தில் என் பின்னல் வேண்டாம் என்று சொல்ல அவன் யார்? மூன்று வயரையும் ஜடை மாதிரி பின்னி உள்ளே வைத்தால் அசையாமல் நிற்கும். அது நானாகக் கண்டுபிடித்தது. அவனுக்கு அப்போதே பொறாமை.

காதைப் பார்த்துவிட்டு உடனே எழுது.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். குளிர் எலும்பு வரை போகிறது.

பார்த்தேன். வலது காது. வெட்டு இருக்கிறது.

ரூம் ஹீட்டர் கெட்டிருந்தது, அந்தச் சாக்கில்தான் போனேன். என்னிடம் அதிகம் பேசவில்லை. "அக்கா நல்லா இருக்காங்களா?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி "வீட்டுல எல்லாரும்?" என்றார். நான் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு தலையாட்டினேன். தனியாகத்தான் இருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே ஒரு மடக்குக் கட்டில். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற மாதிரித் தெரியவில்லை. ஹீட்டரைத் திருப்பித் தரும்போது, பாப்பா இருக்கிற வீடு என்று அதற்குக் கம்பி வலை ஒன்று அவராகவே கட்டியிருந்தார்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல். மூடினது அவர்தான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? யாராவது பார்த்தார்களா?

வாலு

மார்ச் 3

அடி அசடே,

கம்பி வலைக்கு மயங்கிவிட்டாயா? உன் அத்தானும் இப்படித்தான் மயங்கினார்.

நிச்சயமாகத் தெரியும். வயர் போட்டவன்தான் பிளக்கையும் மாட்டி மூடுவான், அதுதான் கடை வழக்கம். இவர் அன்றைக்குக் காலையிலிருந்தே ஒரு வீட்டில் மோட்டார் இறக்கப் போயிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். வந்தவர் எப்போது மூடினார்? கேட்டால் சுவரைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தையல்காரர் வீட்டுக்குப் போய் மூட்டை மூட்டையாகத் துணி தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார். செய்யாத தப்புக்கு ஒன்பது வருஷமாகத் துணி தேய்க்கிறார்! அவர் தோள் இறங்கிப் போய்த் திரும்பி வருவதைப் பார்க்கும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஒரு ஞாயிறுகூட எரியாமல் இருந்ததில்லை.

தையல்காரரிடமும் சொல்லிவிட்டேன், ஆள் அகப்பட்டுவிட்டான் என்று. அவர் அந்த மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டே "அவன் கடை நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

ஓடக்கூடாது. அதுதான் எனக்கு வேண்டும். உன் கட்டடத்தில் இருநூறு வீடு என்றாயே, அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். இந்த ஆள் ரிப்பேர் பார்த்த சாமானால் ஒருவருடைய கை போயிருக்கிறது, கேஸ் நடந்திருக்கிறது, ஊரை விட்டு ஓடி வந்தவன் என்று சொல். பொய் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. உனக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியது எந்தக் கடை வருமானம் என்று நினைத்துக்கொண்டு சொல்.

நீ சுகமாக இரு. பாப்பாவுக்கு முத்தம்.

அக்கா

மார்ச் 30

அக்கா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

சொல்லிவிட்டேன். எங்கள் கட்டட மேலாளர் அம்மா எதையும் எழுதி ஒட்டாமல் தூங்க மாட்டாள். மறுநாளே லிஃப்டுக்குள் தாள் ஒட்டிவிட்டாள். மாடிப்படிக் கடையில் யாரும் மின்சாமான் கொடுக்க வேண்டாம், பாதுகாப்புக் காரணம் என்று. பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் பார்த்து ஒட்டிக்கொண்டார்கள். நகர அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து அவரிடம் லைசென்ஸ் கடுதாசி எல்லாம் கேட்டார்களாம். படிக்கட்டுப் பெருக்குகிற அம்மா என்னிடம் வந்து, "எம் பழைய ரேடியோவை அவர்தானே உசுரோட வெச்சிருக்காரு, எந்தப் பாவி இப்படிச் சொன்னது?" என்று அவளுடைய மொழியில் அங்கலாய்த்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வாரம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். ஜன்னலில் கெட்டில் ஒன்றுகூட இல்லை.

நீ கேட்டதைச் செய்தேன். இதற்கு மேல் கேட்காதே.

வாலு

ஏப்ரல் 14

என் தங்கமே,

நீதான் என் கூடப் பிறந்தவள். ஜன்னல் காலி என்ற வரியைக் கடையில் கல்லாவுக்குக் கீழே வைத்துப் பத்துத் தடவை படித்தேன். அன்றைக்கு ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன். உன் அத்தான் "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "பசி" என்றேன்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. கடை போனால் அவன் வேறு தெருவில் போய் உட்காருவான். எனக்கு அவன் முகம் வேண்டும். அந்த இஸ்திரிப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. கேஸ் முடிந்து திருப்பிக் கொடுத்தபோது உன் அத்தான் கிணற்றில் போடப் போனார். நான் பிடுங்கி டிரங்குப் பெட்டியில் பழைய புடவையைச் சுற்றி வைத்தேன். அன்றிலிருந்து பிரித்துப் பார்த்ததில்லை. பார்த்தால் மறுபடி காய்ச்சல் வரும்.

மருந்துக்கடை முதலாளியின் மருமகள் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ அதை அவன் மேஜை மேல் வை. "இதைத் திறந்து ரிப்பேர் பண்ணிக் கொடுங்க, மூடினது யாருன்னு சீட்டுல எழுதிக் கொடுங்க" என்று சொல். அவ்வளவுதான். அவன் முகம் எப்படிப் போகிறது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. இதைச் செய்துவிடு, அப்புறம் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா

ஏப்ரல் 29

அன்பு மச்சினிக்கு,

நலம். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

டிரங்குப் பெட்டியில் புடவை இருந்தது, உள்ளே இருந்தது இல்லை. அடியில் உன் கடிதங்கள் இருந்தன. படித்துவிட்டேன், தப்புதான்.

அந்தச் சாமான் உன்னிடம் வந்தால் அவனிடம் கொடுக்க வேண்டாம். நீயும் திறக்க வேண்டாம். முக்கியமாக அந்தப் பிளக்கைத் திறக்க வேண்டாம். எங்கேயாவது போட்டுவிடு. லிஃப்டில் ஒட்டியதைக் கிழிக்க முடியுமானால் கிழித்துவிடு. காரணம் கேட்காதே. இது அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அவன் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுது. பள்ளிக்கூட விலாசத்துக்கு.

அத்தான்

மே 20

அக்கா,

பாப்பா நலம். இவர் நலம்.

பெட்டி வந்து சேர்ந்தது. போன சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் சாமான் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தது. மாதக் கடைசியில் காலி செய்கிறாராம். சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். நீ சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

அவர் முகம் எப்படிப் போனது என்று கேட்டாய். பயப்படவில்லை அக்கா. பஸ்ஸில் தூங்கிப்போனவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்த்தார். "இதை அவங்க தூக்கிப் போடலியா?" என்றார். பிறகு, "வேணாம்மா, எடுத்துட்டுப் போயிடுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ எல்லாம் நான்தான் பண்ணினேன்னு எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். "அம்மா, அதைத் திறக்காதீங்க" என்று கையை நீட்டினார். அதற்குள் பிளக்கைத் திறந்துவிட்டேன்.

உள்ளே மூன்று வயரும் பின்னி இருந்தன.

பள்ளிக்கூடத்துக்குப் போன பத்து வருஷமும் கண்ணாடியில் நான் பார்த்த பின்னல். கடைசியில் நடு இழையை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி இறுக்குவாயே, வலிக்குது வலிக்குது என்று நான் கத்துவேனே, அந்தச் சுற்றுகூட இருந்தது.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து என் மிக்சி பிளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஜனவரியிலிருந்து வைத்திருக்கிறார். இரண்டும் அக்காள் தங்கச்சி மாதிரி இருந்தன. "ஷாக் அடிக்காம காப்பாத்துற எர்த் வயர்தாம்மா மத்த ரெண்டையும் விட நீளமா இருக்கணும். யாராவது இழுத்தா அது கடைசியாதான் கழலணும். பின்னிட்டா மூணும் ஒரே அளவாயிடுது. எர்த்துக்குத்தான் போற தூரம் அதிகம். அதனால அது முதல்ல கழண்டுடும். கழண்டு வந்து கரண்டு வர்ற பின்னைத் தொட்டா, பெட்டி உடம்பு முழுக்க கரண்டு" என்றார். என் மிக்சியில் எர்த் வயர் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். பாப்பா தினமும் அந்த மிக்சிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசிக்கொண்டிருப்பாள்.

"நீங்க ஏன் அண்ணே..." என்று ஆரம்பித்தேன். "டீ குடிக்கிறீங்களாம்மா?" என்றார்.

அத்தானின் கடிதம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. எழுதியதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், சொல்லிவிட்டேன்.

பெட்டி இங்கே இருக்கட்டும். பிளக்கை மட்டும் வயரோடு அறுத்து இத்துடன் அனுப்புகிறேன்.

வாலு

ஜூலை 2

அக்கா,

ஆறு வாரம் ஆகிறது. மருந்துக்கடைக்குப் போன் போட்டால் நீ லீவு என்கிறார்கள். வீட்டுக்குப் போட்டால் அத்தான் எடுத்து "சுகமா இருக்காம்மா" என்று வைத்துவிடுகிறார். லிஃப்டில் இருந்த தாளை நான் கிழித்துவிட்டேன், மேலாளர் அம்மா வேறு ஒட்டிவிட்டாள். காதுக்காரர் கடையைக் காலி செய்துவிட்டார். ஒரு கிடங்கில் சுமை இறக்குகிறார்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வாலு

ஆகஸ்ட் 18

வாலுக்கு அக்கா எழுதுவது,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் சுகம்தானே? பாப்பா சுகம்தானே? இதை நான் வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

பார்சல் வந்த அன்று கடையிலேயே பிரித்தேன். என் கையை எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மத்தியானம் பெஞ்சில் இருந்த மூன்று சாமானை நான்தான் மூடினேன். மூன்றில் ஒன்று இஸ்திரிப் பெட்டி என்பது ஒன்பது வருஷமாக என் புத்தியில் ஏறவே இல்லை. ஏற நான் விடவில்லை.

வீட்டுக்குப் போய் பிளக்கை உன் அத்தான் முன்னால் வைத்தேன்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. விசாரணைக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் திறந்து பார்த்துட்டோம்."

"ஏன் சொல்லல?"

அவர் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நீ ஒருத்தரை வெறுக்க ஆரம்பிச்சா விடவே மாட்ட. அது உன்னையே பிடிச்சுக்கிட்டா நீ இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். கேஸ் என் மேல இருக்கட்டும்னு நான் சொன்னேன். கோபம் அவன் மேல இருக்கட்டும்னு அவன் சொன்னான். 'நான் எப்படியும் வெளிநாடு போறவன்டா, அவ என்னைத் திட்டிட்டாவது உசுரோட இருக்கட்டும்'னான்."

அவர் சொன்னது சரிதான் வாலு. இந்த இரண்டு மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அவனைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் என்னிடமே இருக்கிறது, ஒன்றுகூட வீணாகவில்லை.

படுக்கையிலிருந்து எழுந்ததும் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். பிளக்கைக் காட்டிச் சொன்னேன். அவர் என் வலது கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்த்தார். எல்லாம் மடங்கின. "ஒம்போது வருஷமா ஒரு தப்பான ஆளை நான் சபிச்சேனேம்மா, நீதானே சபிக்கச் சொன்ன" என்றார். அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் வரட்டும். நீங்க இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அன்று சாயங்காலம்தான் உன் அத்தானிடம் மிச்சத்தையும் சொன்னேன், அவருக்குத் தெரியாமல் காலனி முழுக்க நான் பிளக் மாட்டிக் கொடுத்ததை. "எத்தனை வீடு?" என்றார். தெரியாது என்றேன். அப்படியே எழுந்து பரண் மேல் ஏறி, பழைய டப்பாவை இறக்கி, துருப்பிடித்த ஸ்க்ரூடிரைவரை வேட்டியில் துடைத்தார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம்.

தினமும் அவர் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் வீடு வீடாகப் போகிறோம். அவர் பிளக்கைத் திறக்கிறார். நான் ஸ்க்ரூக்களைப் பேப்பரில் கழற்றின வரிசையில் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். "எதுக்கு?" என்று கேட்கிறார்கள். "நான் தப்பா மாட்டிட்டேன், ஆள் செத்துப் போவாங்க" என்று சொல்கிறேன். சில பேர் சிரிக்கிறார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள், மறுநாள் மறுபடி போனேன். இதுவரை முப்பத்தொரு வீடு. பதினாலு பின்னல் அவிழ்த்தாகிவிட்டது. அதில் மூன்றில் எர்த் வயர் கழன்றே கிடந்தது.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. தையல்காரர் கை போனதற்குக் காரணம் நான், அந்த ரிப்பேர்காரர் இல்லை என்று எழுதி, என் பேர், விலாசம் எல்லாம் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கொடுத்து உங்கள் ஊர் மொழியில் எழுதி வாங்கு. லிஃப்டில் ஒட்டு, பக்கத்துக் கட்டடத்தில் ஒட்டு, நகர அலுவலகத்துக்கும் ஒன்று கொடு. நீ கதவைச் சாத்தினாயே அந்தப் படிக்கட்டு அம்மா, அவளுக்கு முதலில் படித்துக் காட்டு. அவரை என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்காதே. திரும்பக் கடை போட மனசு இருக்கிறதா என்று மட்டும் கேள். உன் அத்தான் தனியாக அவருக்கு எழுதுகிறார், நான் அதைப் படிக்கவில்லை.

கடைசி வரிசையில் ஏழாம் நம்பர் வீட்டுக்காரர்களுக்கு இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக் மாட்டிக் கொடுத்திருந்தேன். மாற்றலாகிப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை, வீட்டுச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் அப்போது ஏழு மாதம். குழந்தை பிறந்து இப்போது தவழ்கிற வயசு இருக்கும். விலாசம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா